சின்னவளுக்கு விழுந்த சீட்டு

மார்ச் 4
கண்ணாடிக் கடையில் இன்று இரண்டு லென்ஸ்களைப் பாழாக்கினேன். மூன்றாவதை முதலாளியே வாங்கி அறுத்தார். என் நாத்தனார் சின்னவளின் கழுத்தில் இருக்கும் கட்டி நிணநீர்ப் புற்றுநோய்தானாம்; அதுவும் வேகமாகப் பரவும் ரகம். அவள் ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். “என் உடம்பே சிக்னல்ல நிக்காம ஓடுது அண்ணி” என்று சிரித்தாள். இவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தங்கைக்குக் கேட்காது என்று நினைப்பு.

மார்ச் 11
ஓர் ஆய்வில் சேர விருப்பமா என்று டாக்டரம்மா கேட்டார். புது ஆன்டிபாடி மருந்து. புற்று செல்லின் மேலுள்ள அடையாளத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளுமாம். பாதிப் பேருக்குக் கீமோவோடு அதுவும் உண்டு. மீதிப் பேருக்கு வழக்கமான கீமோ மட்டும். யாருக்கு எது என்று கணினி சீட்டுப் போடும். டாக்டர்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது.

“புதுசு நல்லதுன்னா எல்லாருக்கும் குடுத்துடலாமே டாக்டர்?” என்றாள் சின்னவள்.

“நல்லதான்னு தெரியாதும்மா. அதுக்குத்தானே இந்த ஆய்வே.”

எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றார்கள். சேர்ந்துவிட்டாள்.

மார்ச் 18
கீமோ மட்டும்.

மார்ச் 19
நேற்று எழுத ஓடவில்லை. திரும்பி வரும்போது காரிலேயே வெடித்துவிட்டேன். “வேணாம்டி, விலகிடு. வேற ஆஸ்பத்திரி பார்ப்போம். உன்ன வெச்சு என்ன சோதனை?”

“அண்ணி, ரோட்டைப் பாருங்க.” கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னாள்: “ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாத்தானே எது நல்லதுன்னு தெரியும்? எல்லாரும் ஒரே பக்கம் ஏறினா வண்டி சாஞ்சிடாதா?”

வண்டி எப்படியோ போகட்டும், நீ சாயக் கூடாதுடி — சொல்லவில்லை. முறைத்தேன். வழி முழுக்க அவள் கால் அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. என் ஓட்டலின் லட்சணம் அப்படி.

ஏப்ரல் 9
தலையணை முழுக்க முடி. இவருடைய மெஷினை எடுத்து நானே மழித்துவிட்டேன். கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணன் மண்டை மாதிரியே இருக்கில்ல?”

“உள்ள சரக்கு மட்டும் ஜாஸ்தி.”

அடுத்த அறையிலிருந்து இருமல் சத்தம். ஒட்டுக் கேட்டிருக்கிறார் மனுஷர்.

மே 20
கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறதாம். பாதி. இதற்கு என்ன முகம் காட்டுவது?

ஜூன் 12
வாயெல்லாம் புண். சூப்பை ஆற்றி, “கண்ணுல்ல, ஒரு வாய்” என்று கெஞ்சினேன். ஸ்பூனைத் தூக்கி எறிந்தாள்.

“எல்லாரும் இவ்ளோ நல்லவங்களா இருக்காதீங்க அண்ணி. பயமா இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. “அப்ப ஸ்பூனை நீயே எடு. நான் என்ன உன் வேலைக்காரியா?” என்றேன். சிரித்துவிட்டாள். சிரித்ததில் புண் எரிந்து கண்ணில் தண்ணீர். எனக்குப் புண்ணில்லாமலே.

ஆகஸ்ட் 14
கீமோ எல்லாம் முடிந்தும் கழுத்தில் மிச்சம் இருக்கிறது. இப்படி மிச்சமிருப்பவர்களுக்கு, வேறு கீமோவோடு சேர்த்து அந்த ஆன்டிபாடியைக் கொடுக்க ஆய்வின் விதியில் இடம் உண்டாம்.

“இதை அப்பவே குடுத்திருந்தா?” நான்தான் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

டாக்டரம்மா தலை குனியவில்லை. “கட்டி முழுசா போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். நிஜமாவே எனக்குத் தெரியாதும்மா.”

திட்ட நினைத்தேன். உண்மையைச் சொல்கிறவரை எப்படித் திட்டுவது?

செப்டம்பர் 2
ஆன்டிபாடியின் முதல் பாட்டில் ஏறிய கொஞ்ச நேரத்தில் தூக்கித் தூக்கிப் போட்டது. அப்படியொரு குளிர் நடுக்கம். நர்ஸ் ஓடிவந்து நிறுத்தி, ஊசி போட்டு, போர்வை மேல் போர்வை போர்த்தினார். நான் அவள் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பல் கிடுகிடுக்கச் சொல்கிறாள்: “அண்ணி... ஃபர்ஸ்ட் கியர்லயே... இப்படி உதறுதே.”

அடித்திருப்பேன். அடங்கியதும் மெதுவாக ஏற்றினார்கள். ஏறிவிட்டது.

நவம்பர் 27
ஸ்கேனில் எங்கும் எதுவும் இல்லை. எங்கும்!

ஆன்டிபாடியா, புதுக் கீமோவா, எது செய்த வேலை என்று ஓர் ஆளை வைத்துச் சொல்ல முடியாதாம். எல்லோருடைய கணக்கும் சேர்ந்தால்தான் தெரியும். இன்னும் இரண்டு வருடம் கவனமாகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். வராந்தாவில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். பார்த்திருந்தால் அவ்வளவுதான்.

பிப்ரவரி 6
மத்தியானம் கடைக்குப் போன் செய்தாள். இன்று அவளிடம் ஓட்டக் கற்கும் ஒரு வக்கீல் ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று தன் வீட்டு கேட்டையே சாய்த்துவிட்டாராம். இறங்கிப் பார்த்துவிட்டு, “கேட் எப்பவும் இங்கதான் இருக்குமா?” என்று தன் மனைவியிடமே கேட்டாராம். எங்கள் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. முதலாளி எட்டிப் பார்த்தார். வாடிக்கையாளர் வந்துவிடவே போனை வைத்துவிட்டேன்.

இரண்டு லென்ஸ் அறுத்து முடித்தபிறகுதான் உறைத்தது. மாத்திரை போட்டாயா, காய்ச்சல் இருக்கிறதா — ஒன்றையும் கேட்கவில்லை. மறந்தே போய்விட்டேன்.