கானமேட்டுக்கு எப்படிப் போவது

ஜூலை 3, வியாழன்
வெயில். மின்விசிறி போட்டால் அனல்தான் இறங்குகிறது.

மேலாளர் ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார். நான் இந்த அலுவலகத்தில் எழுத்தர், வீடு மாடம்பாக்கம், மனைவி கலைவாணி அரசுப் பள்ளி ஆசிரியை என்று ஒரு சான்றிதழ். இதை வைத்தால் இடமாறுதல் கலந்தாய்வில் அவளுக்கு முன்னுரிமை. மூன்று வருடமாக ஜவ்வாது மலையில், கானமேடு என்கிற ஊரில் கிடக்கிறாள்.

போன வருடம் அவளே கேட்டாள். கொடுக்க நாலு நாள் தாமதம். மேலாளர் லீவு, ஆடிட், அப்புறம் கொஞ்சம் மறதி. பெரிய கொலைக்குற்றம். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

இந்த வருடம் கேட்கவே இல்லை. வீம்பு. கேட்காமலே வாங்கிவிட்டேன், பார்க்கட்டும்.

நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாக முடிவு. 12, சனி. இதுவரை அங்கே போனதில்லை. லீவுக்கு லீவு அவளே இறங்கி வந்துவிடுவாள். தவிர முதுகுவலி, மகள் யாழினியின் பத்தாம் வகுப்பு, மழை. எல்லாம் உண்மையான காரணம். யாரும் கேட்கவில்லை, நானே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி
அரை நாள் லீவு. பல்லாவரம் சந்தை. கூட்டத்தில் நசுங்கிச் சட்னி.

வாங்கியது: மலையேறும் ஷூ (பழசு, ஆனால் கெட்டி). டார்ச். மழைக்கோட்டு. அட்டைப்பூச்சிக்கு மூக்குப்பொடி. கயிறு. கயிறு எதற்கு என்று தெரியவில்லை, விற்றவன் பேச்சில் விழுந்துவிட்டேன்.

காலையில் ஆபீஸில் முருகேசன். பக்கத்து மேஜை, வாயைத் தைக்கவே முடியாது. "இன்னா மச்சான், மூணு வருசம் கழிச்சி மலை ஏற்றே? வூட்ல இன்னா பேஜாரு?" ஒரு பேஜாரும் இல்லை என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

ஜூலை 6, ஞாயிறு
மேகமூட்டம். இட்லி கல் மாதிரி.

வழி விசாரிப்பு. தாம்பரம் பஸ் நிலையத்தில் ஒருவர் வேலூர் போகச் சொன்னார், இன்னொருவர் திருவண்ணாமலை. போனில் வரைபடம் பார்த்தால் கானமேடு இருக்கும் இடத்தில் வெறும் பச்சை. ஒரு முழுப் பக்கம் எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.

யாழினி எட்டிப் பார்த்தாள். இப்போது ப்ளஸ் டூ, எப்போதும் காதில் ஏதாவது மாட்டியிருப்பாள். பேனாவை வாங்கிக் கடகடவென்று எழுதினாள். காஞ்சிபுரம், ஆரணி, போளூர். அங்கிருந்து ஜமுனாமரத்தூர் பஸ். சனிக்கிழமை சந்தை முடிந்து இரண்டு மணிக்கு ஒரு ஜீப். அதை விட்டால் திங்கள்தான். ஜீப் இறக்கிவிட்ட பிறகு ஒரு மணி நேரம் நடை. நடுவில் மூன்று ஓடை.

"ஷூ வேணாம்பா. ஓடைக்கு ஓடை கழட்டி மாட்டவே நேரம் போயிடும். அம்மாவே செருப்புதான்."

அவள் நாலு முறை போயிருக்கிறாள். வீட்டுக்குள்ளேயே வழி தெரிந்தவள் இருக்க ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

இன்னொன்றும் சொன்னாள். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல். அம்மா சாயந்திரம் ஆறு மணிக்கு அங்கே போய் நிற்பாளாம். ஆறு மணிக்கு நான் ரயிலில் தொங்கிக்கொண்டிருப்பேன். எடுக்க முடியாது. மூன்று வருடமாக எடுக்கவில்லை. வேறு நேரத்தில் பேசினால் என்ன என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். ஏன் ஆறு மணி என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஜூலை 8, செவ்வாய்
காலையில் தூறல். பால் திரிந்தது.

காய்கறிக் கடையில் வசந்தா டீச்சர். கலையோடு முன்பு முடிச்சூரில் வேலை பார்த்தவர். பாதி முருங்கைக்காய் பையில், மீதி வெளியில். சான்றிதழ் விஷயத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அவங்க இந்த வருஷம் அப்ளையே பண்ணலையே சார். நேத்தோட தேதி முடிஞ்சுபோச்சு. இங்க மாடம்பாக்கத்துலயே ஒரு இடம் காலி. நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். வேணாம்க்கான்னுட்டாங்க."

கடைசித் தேதி நேற்று. அதை விசாரிக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கயிறு வாங்கத் தோன்றியிருக்கிறது.

போன வருடக் கதையும் அவர்தான் சொன்னார். கடைசி நாள் கலை மலையிலிருந்து இறங்கி, மாவட்டக் கல்வி அலுவலக வராந்தாவில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாளாம். நான் போனில் அந்தக் காகிதத்தை அனுப்புவேன் என்று. ஷட்டர் இழுக்கும் வரை. எனக்கு இது தெரியாது. அன்றைக்கு அவளிடமிருந்து பதினோரு அழைப்பு. நச்சரிக்கிறாள் என்று போனைக் கவிழ்த்து வைத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து யாழினியிடம் கத்தினேன். உனக்குத் தெரியுமா? தெரியுமாம். ஏன் சொல்லவில்லை? "நீங்க கேக்கலையேப்பா." கத்திரிக்காய் வாங்க மறந்துவிட்டேன். ரசம், அப்பளம்.

ஜூலை 9, புதன்
நல்ல மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். இங்கே சொட்டு விழுந்தாலே குளம்.

காலையிலிருந்து வயிறெரிச்சல். கட்டின புருஷன், வயசுக்கு வந்த பெண், கடன் அடைத்த வீடு. எல்லாம் இங்கே. அவள் யாருக்காக அங்கே? போகப் போவதில்லை. எனக்கென்ன தலையெழுத்து?

மதியம்: போகத்தான் வேண்டும். நேருக்கு நேர் கேட்க வேண்டியவை,
1. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?
2. ஊரில் என்ன சொல்வார்கள்?
3. நான் என்ன குறை வைத்தேன்?

மூன்றாவதை அடித்துவிட்டேன். பதில் சொல்லிவிட்டாள் என்றால்?

ஜூலை 10, வியாழன்
வெறிச்சென்று வானம்.

பர்மிஷன் போட்டு ஐந்து மணிக்கே கிளம்பினேன். ஆறு மணிக்குத் தாம்பரம் நடைமேடையில், கடைசி பெஞ்சில். நானே போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். யாழுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டாள்.

இல்லை, சனிக்கிழமை வருகிறேன் என்றேன். பின்னால் பிள்ளைகள் சத்தம், யாரோ டீச்சர் டீச்சர் என்று. பிறகு ஜீப் நேரம் சொன்னாள். ஸ்வெட்டர் எடுத்துவரச் சொன்னாள். எழுதி வைத்த கேள்வி ஒன்றும் வாயில் வரவில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு வரத்தான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"சுத்திப் பாக்க வாங்க. கூட்டிட்டுப் போக வராதீங்க."

கோபமே இல்லை குரலில். பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரி நிதானம்.

"மொத வருஷம் தினம் அழுதேன். உங்களுக்குத் தெரியாது. போன வருஷம் அந்த வராந்தாவுல இருந்து எழுந்து திரும்ப மலைக்கு ஜீப் ஏறினேன் பாருங்க, அன்னைக்குத்தான் வீட்டுக்குப் போறோம்னு இருந்துச்சு."

செங்கல்பட்டு வண்டி வந்து, நின்று, போயிற்று. அவள் அடுத்து என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை. திரும்பச் சொல் என்று கேட்கவும் தைரியம் இல்லை. நடைமேடையில் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தாறு வயது, கழுத்தில் அடையாள அட்டை. எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஜூலை 11, வெள்ளி
வெயில் திரும்பிவிட்டது.

மூட்டை: ஸ்வெட்டர், செருப்பு, இரண்டு சட்டை, யாழ் கொடுத்த பொட்டலம் (பிரிக்கக் கூடாதாம்). மூன்று நாளும் யாழ் வசந்தா டீச்சர் வீட்டில். காலையில் பஸ் ஐந்தரைக்கு.

திங்கட்கிழமைக்கு லீவு விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில், மனைவியை அழைத்து வர, என்று எழுதினேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடித்துவிட்டு, மனைவியைப் பார்க்க, என்று எழுதினேன்.

மேலாளர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏன், அவங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

இல்லை சார், நன்றாக இருக்கிறாள் என்றேன்.