பூனை குறுக்கே வந்த அன்று

கடம்பத்தூர், 1968

என் மருமகளுக்கு,

பேரனுக்குச் சளி விட்டதா?

உன் அப்பாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்து நீ கிளம்பியபோது, பூனை குறுக்கே ஓடி வந்தது. "பூன குறுக்க பூட்ச்சி, கொஞ்சம் குந்தி தண்ணி குட்ச்சிட்டு போம்மா" என்றார் உன் மாமனார். தண்ணீர் கொடுத்தது நான். ரயில் போய்விட்டது. அடுத்த வண்டியில் நீ போய்ச் சேர்வதற்குள் உன் அப்பா கண்ணை மூடிவிட்டார்.

"அந்தப் பூனை இருக்கிற ஊட்டுக்கு வரமாட்டன்" என்று சொல்லி அனுப்பினாயாம். அது சகுனம் கெடுக்க வரவில்லையம்மா. வாலைத் தூக்கிக்கொண்டு உன் காலை உரச வந்தது. இப்போது உன் பழைய புடவையில்தான் குட்டி போட்டிருக்கிறது. உன் வாசம் இருக்கிற இடத்தைத்தான் நம்புகிறது.

கூப்பிடாமல் சம்பந்தி வீட்டுப் படியை நான் மிதித்ததில்லை. வெள்ளிக்கிழமை உன்னை அழைத்துவர வருகிறேன். கிளம்பும்போது அது குறுக்கே வரட்டும், நான் உட்கார மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மகனின் ஆயா