இரண்டு வாசலுக்கு நடுவே ஓர் இடம்

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்தபின் கை ஓடவில்லை. பக்கவாதம் வந்த அண்ணனுக்குக் கை கால் அசைவு திரும்பிவிட்டது, ஆனால் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார், நடக்கப் பழக்க வருகிறவரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எதிலும் பிடிப்பில்லை என்று டாக்டர் சொன்னாராம். அந்த மனிதருக்கா? ஒரு கார் நிறுத்தும் இடத்துக்காக வருடக்கணக்கில் எங்கள் வீட்டுக்காரரோடு மல்லுக்கு நின்றவருக்கா?

நினைத்தால் சிரிப்பாக வருகிறது, அண்ணி. நம் இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரே ஒரு வண்டிக்கு இடம். அதை விட்டால் தெருமுனைக் குப்பைத்தொட்டிப் பக்கம்தான். இவர் உடைந்த நாற்காலியைப் போட்டு இடம் பிடிப்பார். அண்ணன் அதைத் தூக்கி எங்கள் படியில் வைத்துவிட்டு வண்டியை நுழைப்பார். இடம் கிடைத்தவர் அப்புறம் வண்டியை எடுக்கவே மாட்டார். உங்கள் தம்பி கல்யாணத்துக்கு, வாசலில் காரை வைத்துக்கொண்டே, கழுத்து நிறைய நகையோடு உங்களை பஸ்ஸில் ஏற்றினாரே அண்ணன்! இவர் மட்டும் என்ன, நான் பல்வலியில் துடித்தபோது வாடகை வண்டி பிடித்தார். "நம்ம வண்டிய எடுத்தா அந்தாளு உள்ள விட்டுடுவாரு" என்று காரணம் வேறு.

அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நாளிலெல்லாம் நாம் பின்சுவரோரம் நின்று பேசித் தீர்த்தோம். இவர் எப்போது வெளியே கிளம்புகிறார் என்று நான்தான் உங்களுக்கு உளவு. அண்ணன் ஜெயித்த அன்று உங்கள் வீட்டில் கேட்கும் சிரிப்புக்கு இப்போது ஏங்குகிறேன்.

அண்ணன் வைத்தியத்துக்காக நீங்கள் மகள் வீட்டுக்குப் போனதும் இந்த இடச் சண்டையாவது ஓய்ந்தது என்று நினைத்தேன். இவர் சில நாள் அங்கே நிறுத்தினார். பிறகு தானாகவே வண்டியைத் தெருமுனைக்குக் கொண்டுபோய்விட்டார். கேட்டதற்கு, "சண்டை போடாம கெடச்ச எடத்துல என்னத்த நிறுத்துறது" என்றார். போன மாதம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த வங்கிக்காரர் அங்கே காரை விட்டார். இவர் சட்டைகூடப் போடாமல் ஓடி, "அது பக்கத்து வீட்டுக்காரரு எடம், அவரு வருவாரு, எடுங்க வண்டிய" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். வங்கிக்காரர் என்னிடம் வந்து, "ரெண்டு பேரும் ரொம்ப சிநேகிதமா?" என்று கேட்டார்.

உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "எழுது" என்றார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அண்ணன் காதில் விழும்படி உரக்கப் படியுங்கள்:

"அந்த எடம் இனிமே என்னோடது. சுத்தி வெள்ளைக்கோடு போட்டு என் வண்டி நம்பரையும் எழுதியாச்சு. முடிஞ்சா நடந்து வந்து அழிக்கச் சொல்லு."

கோடும் இல்லை, நம்பரும் இல்லை, அண்ணி. இன்று காலையிலும் அந்த இடத்தைப் பெருக்கிவிட்டுத்தான் காப்பி குடித்தார். இதை மட்டும் அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள். கோபத்திலாவது அவர் எழுந்து நிற்கட்டும். வந்து ஆசை தீரக் கத்தட்டும்.

உங்கள் இருவரையும் எதிர்பார்த்திருக்கும்,
பக்கத்து வீட்டுக்காரி