கண்ணாடிக்குள் ஒரு கீல்

அன்புள்ள வெர்ன் அண்ணா,

சிகாகோ வேலை பழகிவிட்டது. நடுத்தரக் கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கிறோம். ஒரு கடன் கைகூடியதும், அந்தக் கம்பெனி செய்யும் பொருளைக் கண்ணாடிக் கட்டிக்குள் பதித்து எங்கள் எல்லோருக்கும் தருவது வழக்கம். என் முதல் கட்டி நேற்று வந்தது. உள்ளே இருப்பது நீ வேலை செய்யும் ஆலையின் கதவுக்கீல்.

"ரெண்டாவது ஷிப்ட் இல்லாமலே ஆலை ஓடும்னு கணக்குல காட்டினியே, அதாலதான் கடனே பாஸ் ஆச்சு. கெட்டிக்காரிம்மா நீ," என்றார் மேலாளர். எல்லோரும் கைதட்டினார்கள்.

நீ வாங்கப்போவதாகச் சொன்ன பிக்கப் வண்டி இப்போது வேண்டாம், அண்ணா. இரண்டாவது ஷிப்டில் ராத்திரி பதினொன்று வரை நின்று வேலை செய்வது உன் முதுகுக்கும் நல்லதில்லை.

எந்தக் கீலையும் ஒருமுறை திறந்து மூடிப் பார்க்காமல் அனுப்பமாட்டேன் என்பாயே. நானும் இதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அசையவே இல்லை.

உன் தங்கை