நடுத்தட்டு என்னுடையது

அன்புள்ள அப்பாவுக்கு, சாய்மி எழுதுவது. ராட்டர்டாமில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

இங்கே ஒரு சின்னச் சண்டை, பயப்பட வேண்டாம். நான் வேலைக்குப் போயிருந்தபோது, என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் மார்லுஸ் ஃபிரிட்ஜை ஒழுங்குபடுத்தியிருக்கிறாள். பாலுக்கு ஒரு தட்டு, காய்க்கு ஒரு டப்பா என்று எல்லாம் பளபளத்தது. நீங்கள் நம் ஊர்ச் சதுப்பு நிலத்தில் குனிந்து குனிந்து பறித்த மஞ்சள் பெர்ரியில் செய்த ஜாமை மட்டும் காணோம். எங்கே என்று அவளிடம் கேட்டேன்.

"அந்த மஞ்சள் பாட்டிலா? கெட்டுப்போச்சுன்னு குப்பையில போட்டுட்டேன். இடத்த அடைச்சுட்டு இருந்துச்சு."

"எங்கப்பா முட்டி வலியோட பறிச்சதுடீ! என்னை ஒரு வார்த்த கேக்க வாயில்லியா உனக்கு?"

"ஜாம்தானே! கடையில வாங்கித் தர்றேன், விடு" என்று சிரித்தாள்.

ஓடிப்போய்க் குப்பைப் பையைப் பிரித்தேன். பாட்டில் உடைந்து கிடந்தது. திரும்பி வந்து, என் ஜாம் இருந்த நடுத்தட்டில் அவள் அடுக்கியிருந்த டப்பாக்களை எல்லாம் அவள் கட்டிலிலேயே கவிழ்த்தேன். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

நடுத்தட்டு காலியாகவே இருக்கிறது. யாரையும் எதுவும் வைக்க நான் விடவில்லை. அதில் வைக்க ஏதாவது அனுப்புங்கள் அப்பா, ஊறுகாயானாலும் சரி. மூடியில் என் பெயரை உங்கள் கையாலேயே எழுதுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
சாய்மி