மிஞ்சிய இருக்கை

அத்தான்,

இன்று காலை அக்கா உங்கள் அலுமாரியைத் திறந்தாள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டுக்கொண்டு வந்தவள், அந்தக் கறுப்புக் கோட்டைத் தொட்டதும் முகத்தைச் சுளித்தாள். அறை முழுக்க உங்கள் வாசனை. ஒரு வாசனை என்றால் பரவாயில்லை. நாலைந்து வாசனைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் கலவை அது. விமான நிலையக் கடைகளில் வருகிறவர்கள் மணந்து பார்ப்பதற்கென்று திறந்து வைத்திருக்கும் போத்தல்களில் ஒன்றையும் விடமாட்டீர்கள். கழுத்து, மணிக்கட்டு, கோட்டின் உட்புறம் எல்லாம் அடித்துக்கொள்வீர்கள். ஒரு போத்தலை நீங்கள் வாங்கி நான் கண்டதில்லை. எங்கள் ஊர் முருங்கன் வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன ஒரே மனிதரும் நீங்கள்தான்.

"இதை ஆருக்கடா குடுக்கிறது?" என்று அக்கா கேட்டாள்.

நான் முற்றத்துக்கு வந்து கதிரையைப் போட்டுக்கொண்டு இதை எழுதத் தொடங்கினேன். உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதாகவே பேசிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பேச்சை இப்போது உங்களிடமே பேசுகிறேன்.

உங்கள் மரண அறிவித்தலில் 'விமான சேவையின் முன்னாள் உயர் அதிகாரி' என்று போட்டிருந்தார்கள். ஊருக்கு அப்படிச் சொல்லி வைத்தது நீங்கள்தான். லண்டன் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை நிறுத்து, துண்டு ஒட்டி உள்ளே அனுப்பும் மேசையில் இருந்தீர்கள். நேர்மையான வேலை. அதைச் சொல்ல வெட்கப்பட்டது நீங்கள் மட்டும்தான். அந்த மேசை உங்களுக்குத் தந்த ஒரு சலுகையை வைத்துக்கொண்டு குடும்பம் முழுவதையும் ஆட்டிப் படைத்தீர்களே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஸ்டாண்ட்பை டிக்கெட். ஊழியரின் உறவுக்காரருக்கு மலிவாகக் கிடைப்பது. விமானத்தில் கடைசியாக இருக்கை மிஞ்சினால் ஏறலாம், மிஞ்சாவிட்டால் வாசலிலேயே நின்று அடுத்த விமானத்தைப் பார்க்கலாம். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் நீங்கள் அதைக் கோயில் பிரசாதம் போலக் கொடுத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உறவுக்காரர் ஒவ்வொருவராக வந்து உங்கள் சோபாவின் நுனியில் இருந்து பல்லைக் காட்டுவார்கள். நீங்கள் சாய்ந்து இருந்துகொண்டு சட்டங்களைச் சொல்வீர்கள். ஜீன்ஸ் போடக் கூடாது. ஸ்டாண்ட்பையில் போகிறோம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லக் கூடாது. "கோழியோ மீனோ எண்டு கேட்டா, எது மிச்சமோ அதைத் தாங்கோ எண்டு சொல்லவேணும். விளங்கிச்சோ?" என்பீர்கள். படித்த மனிதர்கள்கூட "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்கள்.

உங்களுக்கென்று வந்தால் அந்தச் சட்டமெல்லாம் பறந்துவிடும். உங்கள் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது நாங்கள் எல்லோரும் ஊருக்குப் போனோமே, அந்தப் பயணத்தில் உங்களுக்கு முன்வரிசை வகுப்பில் ஒரு இருக்கை கிடைத்தது. அக்காவும் நானும் பின்பக்கம், கழிவறைக் கதவை ஒட்டி. பிள்ளை தொண்டை கிழியக் கத்தியது. நீங்கள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தீர்கள். இடையில் ஒரு விமானப் பணிப்பெண் வந்து, "உங்கள் கணவர் கொடுக்கச் சொன்னார்," என்று அக்காவின் கையில் ஒரு சொக்கிளேற்றை வைத்துவிட்டுப் போனாள். ஒரேயொரு சொக்கிளேற். அதிலும் பாதி உருகியிருந்தது. அந்தப் பயணத்தைப் பற்றி நீங்கள் வருடக்கணக்காகக் கதைத்தீர்கள். வெள்ளைத் துணி விரித்த மேசை, மடித்துவைத்த சூடான துவாய், கண்ணாடிக் கிளாஸ். அக்கா சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டே கறியைக் கிண்டுவாள்.

அதையெல்லாம் நான் சிரித்து விட்டிருப்பேன், அத்தான். ஐயா செத்ததற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

ஐயாவைப் பார்ப்பதற்காக அக்கா முன்பே முருங்கனுக்கு வந்திருந்தாள். அம்மா எப்போதோ போய்விட்டா. ஐயாவுக்கு ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். லண்டனில் இருந்த எனக்கு விடிய அக்காவின் அழைப்பு வந்தது. அழுகைக்கு நடுவே, "கெதியா வாடா," என்று மட்டும் சொன்னாள். நேரே கொழும்புக்குப் போகும் விமானத்தில் ஒரு இருக்கை இருந்தது. அதை எடுக்கப் போவதாக உங்களிடம் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே?" என்று பாய்ந்தீர்கள். "நான் ஒருத்தன் இருக்கேக்க நீ காசைக் கொட்டி டிக்கெட் எடுத்தா ஊரில எனக்கு என்ன மரியாதை? நானும் வாறன். ரெண்டு பேரும் ஒண்டாப் போய் இறங்குவம்."

அக்காவின் புருசன். அவள் முகத்துக்காக உங்கள் சொல்லைத் தட்டாத வழக்கம் எங்கள் வீட்டில் இருந்தது. வந்தேன்.

விமானம் மாறும் வளைகுடா நகரம் வரைக்கும் இடம் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் கூத்து. பள்ளி விடுமுறைக் காலம், கொழும்பு விமானங்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன. காசு கொடுத்து எடுக்கலாம் என்று போய்க் கேட்டேன், விற்க ஒன்றும் இல்லை என்றார்கள். வாசலின் ஓரத்தில் நின்றோம். பெயர் கூப்பிடுவார்கள் என்று மேசையையே பார்த்தபடி நின்றோம். கதவை மூடினார்கள். அடுத்த விமானத்தின் வாசலுக்குப் போனோம். அங்கும் மூடினார்கள். வருடக்கணக்காக வீட்டு வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பும் பெண்கள் போர்வை மூட்டைகளோடு எங்களைக் கடந்து ஏறினார்கள். "வேலைக்காரியள் எல்லாம் முதல்ல ஏறுதுகள், பார்," என்றீர்கள் என் காதுக்குள். அதில் ஒருத்தி, எங்கள் ஊருக்கு அடுத்த முசலிப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை, என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்று, அண்ணனைக் கூப்பிடும் அவர்கள் வழக்கில், "நானா, இதச் சாப்பிடுங்க," என்று ஒரு பிஸ்கற் பக்கெற்றைத் தந்துவிட்டுப் போனாள். அதிலும் நீங்கள் பாதி எடுத்தீர்கள்.

மூன்றாவது விமானத்தில் ஒரு இருக்கை மிஞ்சியது.

ஊழியர் என்பதால் உங்கள் பெயர்தான் முதலில். ஆனால் வாசலில் நின்ற பெண்ணிடம் ஐயா செத்த செய்தியை நான் சொல்லியிருந்தேன். விரும்பினால் உங்கள் இடத்தில் என்னை அனுப்பலாம் என்று அவள் உங்களிடம் சொன்னாள். எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

நீங்கள் கழுத்தில் ரையைச் சரிசெய்தீர்கள்.

"நான் முன்னுக்குப் போறன். அங்க பொறுப்பா நிண்டு பாக்க ஒரு ஆம்பிளை இல்லை. நீ அடுத்ததில வா."

"அத்தான், கொள்ளி நான்தான் வைக்கவேணும்."

"நீ வராமப் பிரேதம் எடுப்பமே? நான் இருக்கிறன்தானே."

போனீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்து போகும்போது ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டு மேசையில் இருந்த கடதாசிகளை அடுக்கினாள். அடுத்த நாள் அவளே என்னைத் தேடி வந்து, ஒரு குடும்பம் வரவில்லை என்று சொல்லி, கையோடு கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டாள். நான் உங்களுக்குச் செய்தி அனுப்பினேன்: 'ஏறிவிட்டேன், ஐயாவை வைத்திருக்கச் சொல்லுங்கள்.' பதிலுக்கு நீங்கள் அனுப்பியது ஒரு கட்டைவிரல் படம்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வாடகை வானோடு காத்திருந்தவர் மன்னார் உப்புக்குளத்து முஸ்லிம் மனிதர். ஐயாவின் நெல்லை வருடாவருடம் மன்னாருக்கு ஏற்றியவர். நான் அக்காவின் தொலைபேசிக்கு எடுத்தேன். எடுத்தது நீங்கள். "பதறாதை, ஆறுதலா வா," என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். ஆனால் அந்த மனிதர் ஆறுதலாக ஓட்டவில்லை. புத்தளத்தில் தேத்தண்ணிக்குக்கூட நிறுத்தவில்லை. "உங்கள விட்டுட்டு எடுக்க மாட்டாங்க தம்பி, யோசிக்காதீங்க," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

முருங்கன் சந்தியைத் தாண்டி எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும்போது எதிரே ஆண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தலை ஈரம். குளத்தில் முழுகிவிட்டு வருகிறவர்கள். எங்கேயிருந்து வருகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. முன்னால் நீங்கள், ஈர வேட்டியோடு, கொள்ளி வைத்தவருக்குரிய மீசை மழித்த முகத்தோடு.

நான் இறங்கினேன். நீங்கள் என் தோளில் கையைப் போட்டுச் சொன்னது இதுதான்: "நல்லகாலம் நான் வந்தது. இல்லாட்டி என்ன செய்திருப்பியள்?"

வான்காரர் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். உங்களை மேலும் கீழும் பார்த்தார். "எங்கட ஆக்கள் கெதியா அடக்கிடுவோம், அது எங்கட முறை. உங்கட முறையில மகனுக்காகப் பொறுக்கலாமே தம்பி?" என்று என்னிடம் கேட்டார். கேள்வி எனக்கானது இல்லை. நீங்கள் கேட்காதது போல நடந்தீர்கள்.

வீட்டுக்குள் அக்கா வெறுந்தரையில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. "நான் பொறுக்கச் சொன்னனான் தம்பி. காலைப் பிடிச்சுக் கேட்டனான்," என்றாள்.

"பிறகு ஏன்?"

"இவர் போனைப் பாத்துக்கொண்டே இருந்தவர். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு திரும்பிப் போற ஃபிளைட் எல்லாம் நிரம்பிடுமாம். அதுக்குள்ள எலும்பு பொறுக்கிக் காடாத்தும் முடிச்சு ஏறவேணுமாம். உனக்குச் சீற் கிடைக்காது, தான் அந்தத் துறையில இருக்கிறபடியாத் தனக்குத் தெரியும் எண்டு பெரியாக்களுக்கும் சொல்லிப்போட்டார்."

நான் ஏறிவிட்டேன் என்ற செய்தி உங்கள் சட்டைப்பைக்குள் இருந்தது, அத்தான். அதை வைத்துக்கொண்டு சொன்னீர்கள். எங்கள் ஐயாவை எரிக்கும் நேரத்தை உங்கள் திரும்பும் விமானத்தில் எத்தனை இருக்கை காலி என்பதை வைத்துக் குறித்தீர்கள். எலும்பு பொறுக்கிய கையோடு கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டும் விட்டீர்கள். "இண்டைக்கு ஃபிளைட் வெறுமை. விட்டாக் கிடையாது," என்றீர்கள் வாசலில் நின்று, எங்களுக்கும் அது சந்தோசமான செய்தி என்பது போல. திருக்கேதீஸ்வரம் பாலாவித் தீர்த்தக் கரையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்தது நான். கொள்ளி வைத்தவர் எங்கே என்று ஐயர் கேட்டார். அவருக்கு விமானத்தில் இடம் கிடைத்துவிட்டது என்றேன். ஐயருக்கு விளங்கவில்லை. எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு தடவை, லண்டனில், நீங்கள் நல்ல மனநிலையில் இருந்தபோது கேட்டேன். வேறு யாரிடமும் கேட்க முடியாத கேள்வி. "அத்தான், கொள்ளி வைக்கேக்க ஐயாவின்ர முகம் எப்பிடி இருந்தது?" நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள். "நல்லாத்தான் இருந்தது," என்றீர்கள். பிறகு முகம் மலர்ந்தது. "ஆனா அண்டைக்கு எனக்கு அந்தச் சீற் கிடைச்சது பெரிய அதிர்ஷ்டமடா. ஜன்னல் பக்கம் வேற." ஐயாவின் முகத்தைக் கேட்டவனுக்கு ஜன்னலைச் சொன்னீர்கள். உங்களுக்குள் இருந்தது அவ்வளவுதான் என்று அன்றைக்கு அறிந்துகொண்டேன்.

அக்கா உங்களோடு சண்டை பிடிக்கவில்லை. ஒரு கடையில் வேலைக்குப் போனாள். சம்பளத்தைச் சேர்த்து ஐயாவின் திவசத்துக்குத் தானே ஒழுங்கான டிக்கெட் எடுத்தாள், தனக்கு மட்டும். அதே விமானத்துக்கு நீங்கள் ஸ்டாண்ட்பை. ஒரு இருக்கையும் மிஞ்சவில்லை. வாசலின் ஓரத்தில் கோட்டும் ரையுமாக நின்ற உங்களைக் கடந்து போகும்போது அவள் நின்று, "நீங்கள் அடுத்ததில வாங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாளாம். முருங்கனுக்கு வந்து, திவசத்துக்கென்று முன்பே வந்திருந்த எனக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஐயா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். நீங்கள் திவசம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தீர்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றீர்கள்.

ஓய்வு பெற்று இங்கேயே வந்து மாடி வைத்த வீடு கட்டினீர்கள். போன மாதம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்களாம். விடுமுறையில் வந்திருந்த நான் அப்போது மன்னாரில் நின்றேன், ஓடி வந்தேன். உங்கள் மகன் மெல்பேணிலிருந்து வர நாளாகும் என்று பெரியாக்கள் என்னைக் கூப்பிட்டுக் கதைத்தார்கள். "மருமகனும் வைக்கலாம், மச்சானும் வைக்கலாம், ஐயாவுக்கு இவர்தானே வச்சவர்," என்றார் ஒருவர். அக்கா உள்ளேயிருந்து, "என்ர பிள்ளை வரட்டும்," என்றாள். காத்திருந்தோம். உங்களுக்காக இல்லை, அந்தப் பிள்ளைக்காக. அவன் வந்து உங்கள் காலைத் தொட்டு அழுதான். சுடலையில் அவனுக்குப் பக்கத்தில் நின்று, "மறுபக்கம் பார்த்துக்கொண்டு நில், கையைப் பின்னுக்குக் கொண்டுபோய்க் கொள்ளியை வை, திரும்பிப் பாராதை," என்று சொல்லிக் கொடுத்தது நான்தான். நான் செய்யாத ஒன்றை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவன் சரியாகச் செய்தான்.

"செத்த மனுசனோட என்னடா கோபம், விடு," என்கிறாள் அக்கா. இப்போதும் என் பின்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டு அதையே சொல்லிவிட்டுப் போகிறாள். அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? கோபம் எப்போதோ போய்விட்டது. கோபப்படுவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். நீங்கள் அந்த அளவுக்குப் பெரிய ஆள் இல்லை, அத்தான்.

ஆனால் ஒன்று மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. லண்டனில் குளிர்நாட்களில் வேலைக்கு நடக்கும்போது, எதையும் நினைக்காத நேரமாகப் பார்த்து, என் வலது கை தானாகப் பின்னுக்குப் போகிறது. முகம் முன்னால், கை பின்னால், விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்தபடி. எதிரே வருகிறவர்கள் பார்த்துவிட்டு விலகிப் போகிறார்கள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடக்கிறேன்.