வலி இல்லைங்க

பம்பாய்
12.4.1970

அன்புள்ள அப்பாவுக்கு, இராஜாங்கம் வணங்கி எழுதுவது. நீங்களும் அம்மாவும் சுகமென்று நம்புகிறேன்.

குடல்வால் வீங்கி, மூன்று நாளைக்கு முன் வயிற்றில் ஆபரேஷன் ஆயிற்று. பயப்பட வேண்டாம். வலி தெரியாமலிருக்க முதலில் பெத்தடின் ஊசி போட்டார்கள். வாந்தி வந்தது, மூன்று மணி நேரத்தில் வலியும் திரும்பியது. அடுத்துப் போட்ட மார்பின் கூடுதல் நேரம் தாங்கியது, ஆனால் உடம்பெல்லாம் அரித்தது. எது தேவலை என்று டாக்டர் கேட்டார். மாயவரத்து நர்ஸ் ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். நான் படுத்தபடியே கைகட்டி, "வலியே இல்லைங்க" என்றேன். இரண்டையும் நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் நான் போர்வையைக் கடிப்பதை அந்த நர்ஸ் பார்த்துவிட்டார். "இது பண்ணை இல்லைங்க. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். மார்பின் போட்டார்கள். இப்போது வலி தெரியவில்லை. வேறெதுவும் தெரியவில்லை.

வயிற்றில் கட்ட உங்கள் பழைய வேட்டி ஒன்று அனுப்புங்கள். புதுத்துணி அறுக்கும்.

கூலி உயர்வு கேட்டதற்கு மிராசுதார் ஆட்கள் களத்தில் உங்களை முதுகில் அடித்த அன்று, வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். நம்பி ரயிலேறிவிட்டேன்.

டாக்டர் வருகிறார், முடிக்கிறேன். முதுகு வலிக்கிறதா அப்பா? உள்ளதை எழுதுங்கள்.

இராஜாங்கம்